பங்குதாரர்களுக்குச் சேதமில்லை

தஸ்கா கிராமத்துக்கு நிலநடுக்கம் வந்தது ஒரே ஒரு தடவைதான். கைத்தாங்கல் என்ற தொண்டு அமைப்பு அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தது.

மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள் ஒரு மூச்சில் உட்கார்ந்துவிட்டன. இத்தெரின் வீட்டில் உத்தரக்கட்டை அவன் அக்கா தூதாவின் முதுகில் விழுந்தது. உயிர் தங்கியது, கால்கள் இரண்டும் போய்விட்டன. இத்தெருக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் அந்த நேரம் கோவேறு கழுதையில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு மேல் கிராமத்துக்குப் போயிருந்தான். அதுதான் அவன் தொழில். திரும்பி வந்தபோது இறக்கிவைக்க வீடு இல்லை.

அமைப்பு கூடாரங்கள் கொடுத்தது. அதில் குறை சொல்ல முடியாது. தடித்த துணி, உள்ளே இரும்பு அடுப்பு, அட்லஸ் மலைக் குளிருக்குத் தாங்கும். குறையெல்லாம் போட்ட இடத்தில்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் கிராமத்தின் பார்லி வயல் மட்டமாகக் கிடந்தது. ஆனால் அங்கே போக ஒரு மரப்பலகைப் பாலம்தான் உண்டு, கார் போகாது. அமைப்பின் கார்கள் வந்து நிற்க வசதியாக, தார்ச்சாலையை ஒட்டி, மலையடிவாரத்தில் கூடாரங்களை வரிசையாக நட்டார்கள். மேலே மலை நிலநடுக்கத்தில் பிளந்த வாயை மூடாமல் வைத்திருந்தது.

அந்தப் பிளவைப் பார்க்கத் தனி அறிவு எதுவும் தேவைப்படவில்லை. குழந்தைகள்கூட அதைக் காட்டித்தான் ஒன்றையொன்று பயமுறுத்தின. அமைப்பின் டிரைவர், இயக்குநர் மேடத்தை இறக்கிவிட்டதும் காரைத் தொலைவிலுள்ள வளைவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால், “அங்க நல்ல நிழல்” என்பார். அது பனிக்காலம்.

முதல் கூட்டம் பெரிய கூடாரத்தில் நடந்தது. தலைநகர் ரபாத்திலிருந்து இயக்குநர் செர்கினி மேடம் வந்திருந்தார். நல்ல கம்பளிக் கோட்டு, மெல்லிய வாசனை, எல்லாரையும் தனித்தனியாகப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம்.

“இங்க யாரும் பயனாளி கிடையாது” என்றார் மேடம். “அந்த வார்த்தையையே நாங்க தடை பண்ணிட்டோம். நலிந்தவங்கதான் இந்தத் திட்டத்தோட முதன்மைப் பங்குதாரர்கள். நீங்கதான் முதலாளிங்க, நாங்க உங்க வேலைக்காரங்க. அதனால நாங்க சொல்றதை எல்லாரும் கவனமா கேட்டுக்கணும்.”

இத்தெர் எழுந்தான். பேச வேண்டும் என்று நினைத்து எழவில்லை. தூதா பின்னாலிருந்து அவன் இடுப்பில் குத்தியிருந்தாள்.

“மேடம், எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். கூடாரத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் மாத்திக்கிறோம். நாங்களே பிடுங்கி நாங்களே நட்டுக்குறோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

மேடம் நல்ல பாட்டைக் கேட்டவர்போலக் கண்ணை மூடித் திறந்தார். “கேட்டீங்களா? எப்பேர்ப்பட்ட குரல்! இந்தக் குரலுக்காகத்தான் நாங்க உழைக்கிறோம்.” பிறகு இரக்கத்தோடு அவன் பக்கம் திரும்பினார். “ஆனா ஐயா, நீங்க சொல்றது தீர்வு. நாம இன்னும் பிரச்சனையையே கண்டுபிடிக்கலையே. நலிஞ்ச மக்கள் பண்ற தப்பே இதுதான். மூச்சு விடாம தீர்வுக்குத் தாவிடுவாங்க. அப்படித் தாவிட்டா பங்கேற்பு எங்கேர்ந்து வரும்?”

பங்கேற்பு வருவதற்காக ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒரு பெரிய கம்பளிநூல் உருண்டையை ஒருவர் மேல் ஒருவர் எறிய வேண்டும். பிடித்தவர் நூலை இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுத்தவருக்கு எறிய வேண்டும். பெண்கள் அந்த நூலை விரலால் தடவிப் பார்த்தார்கள்; எத்தனை பிள்ளைகளுக்குக் காலுறை பின்னியிருக்கலாம் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஊரே ஒரே நூலில் கட்டுண்டு நின்றபோது கூடாரத்தின் மேல் பொத்தென்று ஒரு கல் விழுந்தது. பின்னாலேயே சரளை உருளும் சத்தம். எல்லாரும் வெளியே ஓடப் பார்த்தார்கள். நூல் விடவில்லை. ஆள்மேல் ஆள் விழுந்து, கசாப்புக்கடை பஸ்ஸுவின் கனத்தில் அந்தப் பக்கமே சரிந்தது.

“பாத்தீங்களா!” என்று மேடம் கைதட்டினார். “உங்களுக்குள்ள பிணைப்பு எவ்வளவு பலமா இருக்கு!”

சரளைச் சத்தம் நின்றது. இத்தெரை நலிந்தோர் வழிநடத்தும் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். கூட்டத்தில் முதலில் பேசியவன் என்பதால்.

அமைப்பின் ஆட்களில் தஸ்காவிலேயே தங்கியது ஜவாத் ஒருவன்தான். மராகெஷ் நகரத்துப் பையன். ஒல்லி, அமைப்பின் பெயர் போட்ட நீலச் சட்டை, எப்போதும் மன்னிப்புக் கேட்பது மாதிரியான முகம். கள ஒருங்கிணைப்பாளர் என்பது அவன் பதவி. மேடம் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை மேடத்துக்கும், இரண்டு பேருக்கும் கோபம் வராதபடி மாற்றிச் சொல்வது அவன் வேலை. அவன் கூடாரமும் அதே சரிவின் கீழேதான் இருந்தது.

காலையில் அவன் தூதாவிடம் வந்து பார்லி ரொட்டியும் தேநீரும் சாப்பிடுவான்.

“நீ யாரு பக்கம்டா?” என்று தூதா ஒருநாள் கேட்டாள்.

“நான் எந்தப் பக்கமும் இல்லக்கா. நடுவுல நிக்கிறேன்.”

“நடுவுலயா? அப்படின்னா மேல பாத்துக்கிட்டே நில்லு.”

அவன் சிரித்தான். ஆனால் மேலே பார்க்கத்தான் செய்தான். அன்றைக்கு நீரூற்றுத் தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்திருந்தது.

ஆபத்துப் பட்டறை அதற்கு அடுத்து நடந்தது. கூடாரத் துணியில் நிறநிறக் காகிதங்களை ஒட்டி, ஊருக்கு வரக்கூடிய ஆபத்துகளை ஊரே சொல்ல வேண்டும் என்றார்கள். முதல் ஆள் மலை என்றார். அடுத்தவரும் மலை என்றார். மூன்றாவதாகப் பஸ்ஸு எழுந்து, “அவங்க ரெண்டு பேரும் சொன்னதுதான்” என்றான். ஆபத்துகளில் பன்முகத்தன்மை இல்லையே என்று மேடம் வருந்தினார். பட்டறை முழுமையாக இருக்கட்டும் என்று ‘தன்னம்பிக்கைக் குறைவு’ என்பதையும் அவரே எழுதி ஒட்டினார்.

“மலை விழறதுக்கு எவ்வளவு வாய்ப்பு?” என்று ஜவாத் கேட்டான்.

“விழுந்துகிட்டே இருக்கு” என்றது கூட்டம்.

“அப்படி ஒரு கட்டம் இல்ல. குறைவு, நடுத்தரம், அதிகம், இதுல ஒண்ணு சொல்லணும்.”

அதிகம் என்று எல்லாரும் கத்தினார்கள். ஜவாத் சிவப்புக் காகிதத்தை எடுத்தான். மேடம் அவன் கையைப் பிடித்தார்.

“யோசிங்க” என்றார் ஊரைப் பார்த்து. “சிவப்பு ஒட்டினா அந்த இடத்துல வேலையை நிறுத்தணும்கிறது எங்க விதி. நிறுத்திட்டா உங்களுக்கு உதவி பண்ண யாரு இருக்கா? நான் உங்களைக் கைவிடத் தயாரா இல்ல.” சொல்லிவிட்டு மஞ்சளை ஒட்டினார்.

ஒவ்வோர் ஆபத்துக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டுமாம். தன்னம்பிக்கைக் குறைவை அமைப்பே எடுத்துக்கொண்டது. மலைச்சரிவு இத்தெருக்கு வந்தது.

“உரிமையாளர் என்ன பண்ணணும் மேடம்?”

“கண்காணிக்கணும். மாற்றம் தெரிஞ்சா உடனே சொல்லணும்.”

“யார்கிட்ட?”

“குழுத் தலைவர்கிட்ட.”

“குழுத் தலைவர் நான்தானே?”

“அப்போ எவ்வளவு சுலபம் பாருங்க!”

சாயங்காலம் தூதா தம்பியை விடவில்லை. “இத்தன வருஷம் ஒரு முழம் நிலம் வாங்க வக்கில்லாம திரிஞ்சே. இப்போ ஒரு மலையே உன் பேர்ல. இனி பொண்ணைக் குடுக்க வாசல்ல வந்து நிப்பாங்க, போ.”

“சும்மா இரு அக்கா. அந்தப் பிளவுல முந்தாநாள் ஒரு ஆடு விழுந்துடுச்சு. சத்தம் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு.”

“அதையும் தலைவர்கிட்ட சொல்லிட்டியா?”

தலைவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நாய்கள் முதலில் இடம் மாறின. ஒருநாள் காலை பார்த்தால் எல்லாம் பார்லி வயலில் சுருண்டு படுத்திருந்தன. கூப்பிட்டால் வாலை ஆட்டின. பாலத்தைத் தாண்டி வரவில்லை. ரொட்டியைக் காட்டினாலும் வரவில்லை.

அந்த வாரமே இத்தெர் தூதாவை முதுகில் சுமந்துகொண்டு வெயில் காயப் போனதை மேடம் பார்த்துவிட்டார்.

“நிறுத்துங்க! என்ன பண்றீங்க?”

“அக்காவை வெயில்ல உட்கார வைக்கப் போறேன்.”

“மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறீங்களே! அவங்களுக்குன்னு ஒரு கண்ணியம் இல்லையா? பயிற்சி பெற்றவங்கதான் அவங்களைத் தொடணும்.”

“அவ என் அக்கா மேடம்.”

“அதான் இன்னும் கவலையா இருக்கு. நலிஞ்சவங்களுக்குத் தீங்கு பண்றது பெரும்பாலும் சொந்தக்காரங்கதான்னு ஆய்வே இருக்கு.”

ஒரு சக்கர நாற்காலி வந்தது. பளிங்குத் தரைக்கென்று செய்தது. தஸ்காவின் கல்லில் ஒரு சாண்கூட உருளவில்லை. தூக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வசந்தத்தில் வருவார்கள் என்றார்கள்.

“அதுவரைக்கும் வெளிக்குப் போறதை அடக்கி வச்சுக்கணுமாமா? கேட்டுச் சொல்லுடா” என்று தூதா ஜவாத்திடம் சொன்னாள். ஜவாத் காது சிவக்க, கேட்டுச் சொல்கிறேன் என்றான். நல்ல பிள்ளை, உண்மையிலேயே கேட்டிருப்பான். நாற்காலியில் தூதாவின் துணிகள் காய்ந்தன.

முறையிட ஒரு பெட்டி இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிப் போட்டார்கள். பதில் வராததால் இத்தெர் கழுதையில் ஏறி, அமிஸ்மிஸ் நகரத்தில் அமைப்பு திறந்திருந்த அலுவலகத்துக்கே போனான். அங்கிருந்த பெண் அன்பாகத் தேநீர் கொடுத்தாள். ஊழியர்களைப் பற்றி முறையிடலாம், பொருட்களின் தரத்தைப் பற்றி முறையிடலாம், மலையைப் பற்றி முறையிட வழியில்லை என்றாள். மலை அமைப்பின் ஊழியர் இல்லை. ஆனாலும் அவனுடைய கவலை மேலே போய்ச் சேரும் என்று உறுதி சொன்னாள்.

மேலே போய்ச் சேர்ந்ததன் பலன், பத்து நாளைக்குள் ஒரு நாடகக் குழு வந்து இறங்கியது. மலையைப் பற்றிய பயத்தைச் சுமந்துகொண்டு வாழக்கூடாது, மலையோடு உரையாட வேண்டும் என்றார் மேடம். ஊரில் பருத்த ஆள் என்பதால் பஸ்ஸுவை மலையாக நிறுத்தினார்கள். சாம்பல் போர்வை போர்த்தி, தலையில் ஒரு செடியும் சொருகினார்கள்.

“மலையே, உன் மனசுல என்ன இருக்கு? மக்கள்கிட்ட சொல்லு” என்றாள் நாடகக்காரி.

பஸ்ஸு முதலில் வெட்கப்பட்டான். பிறகு மேலே ஒருமுறை பார்த்தான். வெட்கம் போய்விட்டது.

“நான் விழப்போறேன்” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

“இன்னும் ஆழமா போ” என்றாள் நாடகக்காரி.

“என் வயிறு பிளந்து கிடக்கு. உள்ள தண்ணி போகுது. நான் தாங்கிப் பாத்தேன், முடியல. நான் உங்க எல்லாரு மேலயும் விழப்போறேன். ஏன் இன்னும் இங்கயே குந்திக்கிட்டு இருக்கீங்க? எழுந்து போய்த் தொலைங்களேன்!”

ஒரு பெண் அழத் தொடங்கினாள். மேடம் எழுந்து நின்று கைதட்டினார். மலை தன் கோபத்தை இவ்வளவு ஆரோக்கியமாக வெளிப்படுத்தி இதுவரை பார்த்ததில்லை என்றார். பஸ்ஸு போர்வையை உருவிப் போட்டுவிட்டு நேரே ஓடைக்குப் போய் முகம் கழுவினான். அன்று அவன் கறி வெட்டவில்லை.

ஜவாத் அன்றைக்குத்தான் முதல்முறையாக மேடத்தை எதிர்த்துப் பேசினான். எதிர்த்து என்று அவனே சொல்லமாட்டான். கூடாரங்களை மாற்றலாமே, ஒருநாள் வேலைதானே என்று கேட்டான். இத்தெர் அருகில் நின்றிருந்தான்.

மேடம் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டதே கிடையாது. “ஜவாத், உனக்கு வயசு பத்தல. இந்தத் திட்டம் எதை அளக்குது? நலிவை. வந்தப்போ எவ்வளவு நலிவு, போறப்போ எவ்வளவு நலிவு. நடுவுல இவங்க பாதுகாப்பான இடத்துக்குப் போயிட்டா அளவு கெட்டுடும். அந்தப் பக்கம் போனா இவங்க நலிந்தவங்களாவே இருக்கமாட்டாங்க. அப்புறம் நாம யாருக்கு வேலை செய்யறது?” இத்தெரைப் பார்த்துப் புன்னகைத்தார். “அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து கொடையாளர்கள் வராங்க. அவங்க பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் உங்க குழுவே கூடி, மாறலாமா வேணாமான்னு ஒரு கலந்தாய்வு வச்சு முடிவு பண்ணலாம்.”

“நாங்களா போயிட்டா?” என்றான் இத்தெர்.

“தாராளமா. உங்க உரிமை அது. கூடாரமும் அடுப்பும் அமைப்போட உடைமை, அதை மட்டும் விட்டுட்டுப் போகணும்.” அவர் பார்வை தூதாவின் கூடாரத்துக்குப் போய் வந்தது. “அக்காவோட மருந்தும் இந்த இடத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கு.”

மேல்மலையில் பனி இறுகியிருந்தது. இத்தெர் அடுப்புக்கு விறகு பொறுக்கப் போனான்.

கொடையாளர்கள் வருவதற்கு முன் இடைவிடாமல் மழை பெய்தது. வந்த அன்று காலையில் மழை விட்டு, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. நீரூற்றுக்குப் போன பெண்கள் வெறும் குடத்தோடு திரும்பினார்கள். கலங்கலாக வந்துகொண்டிருந்த தண்ணீரும் அடியோடு நின்றுபோயிருந்தது. மலைக்குள்ளிருந்து திரிகை அரைப்பது போல ஒரு சத்தம் வந்தது. நின்று கேட்டால் கேட்காது. வேலையில் இருக்கும்போது கேட்கும்.

சரிவை முதுகுக்கு வைத்து மேடை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் ‘நலிந்தோரே முதன்மை’ என்று பெரிய பேனர். விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அதிகமாகச் சிரிக்க வேண்டாம், அதிகமாக அழவும் வேண்டாம், நிமிர்ந்து நம்பிக்கையோடு தொலைவைப் பார்த்தால் போதும் என்று ஊருக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். ஊர் நிமிர்ந்து மலையைப் பார்த்தது.

மேடம் பேசத் தொடங்கினார். “நலிந்தவர்களிடம் நாம் கற்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்பது ஒரு கலை...”

“இத்தெர்!” என்று தூதா கூடாரத்துக்குள்ளிருந்து கத்தினாள். “டேய், தரை நடுங்குதுடா. தூக்குடா என்னை!”

மேடம் பேச்சை நிறுத்தவில்லை. இத்தெர் எழுந்தான். தலைவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடாரத்துக்குள் போய் அக்காவை முதுகில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அவள் கைகள் அவன் கழுத்தை நெரித்தன. மேடைக்கு முன்னால் குறுக்கே நடந்து ஓடைப் பக்கம் போனான்.

பஸ்ஸு எழுந்தான். அவன் மனைவி அடுப்பிலிருந்த கெண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டாள். ஒரு கிழவர் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஊரே எழுந்து பின்னால் நடந்தது. கூடாரம், அடுப்பு, மருந்து எதையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம் ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். “நண்பர்களே, இது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது! பங்குதாரர்களே வடிவமைத்த நம்பிக்கை நடை!”

விருந்தாளிகள் மெய்சிலிர்த்துப்போனார்கள். கேமராக்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள். பலகைப் பாலத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கடந்தார்கள். குதிகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடம் கடைசியாக வந்தார். ஜவாத் அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டான்.

வயலில் இத்தெர் அக்காவை நாய்கள் படுத்திருந்த இடத்தில் உட்காரவைத்தான். மேடம் எல்லாரையும் நெருக்கி நிற்கச் சொல்லிக் கேமராக்காரரைக் கூப்பிட்டார். பிறகுதான் கவனித்தார்.

“பேனர்! ஜவாத், பேனர் அங்கயே இருக்கு. பேனர் இல்லாம எடுத்தா யாரோ சும்மா நடந்து போற மாதிரி இருக்கும். ஓடிப்போய் எடுத்துட்டு வா.”

“போகாதே தம்பி” என்றான் இத்தெர்.

ஜவாத் மலையைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். அந்த மன்னிப்புக் கேட்கும் முகத்தை இத்தெரிடம் திருப்பி, “இதோ வந்துடறேண்ணே” என்றான்.

அவன் பாலத்தைக் கடந்தான். தூதா ஊர் கேட்காத வசவுகளையெல்லாம் எடுத்தாள். “டேய் நாயே! திரும்பி வாடா! உன்னைப் பெத்தவ வயிறு எரியணுமாடா? வாடா இங்க!” அவன் ஓடிக்கொண்டே கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். மேடையில் ஏறி ஒரு மூலையின் கயிற்றை அவிழ்த்தான். மறு மூலை முடிச்சு இறுகியிருந்தது போலிருக்கிறது. குனிந்து பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான்.

மலை அவசரப்படவில்லை. முதலில் மேலே இருந்த வாதுமை மரங்கள் நின்றவாறே நகர்ந்தன. பிறகுதான் சத்தம் வந்தது. சத்தம் வந்தபோது கூடாரங்கள் இல்லை. தார்ச்சாலையும் இல்லை. புழுதி ஓடையைத் தாண்டி வந்து எல்லார் முகத்தையும் ஒரே நிறமாக்கியது.

புழுதி அடங்குவதற்குள் இத்தெரும் பஸ்ஸுவும் பாலத்தின் முனைக்கு வந்துவிட்டார்கள். மற்ற ஆண்கள் கிடைத்த மண்வெட்டியோடு பின்னால் வந்தார்கள். மேடம் கைகளை விரித்து வழியை மறித்தார். வார்த்தைகள் தவறாமல் வந்தன.

“யாரும் போகக்கூடாது. பயிற்சி பெற்ற மீட்புக் குழு வரும். நலிந்தவங்களை ஆபத்தான இடத்துக்கு அனுப்பறது எங்க கொள்கைக்கு விரோதம்.”

அந்த இடத்தை அவர் ஆபத்தானது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இத்தெர் அவரை ஒதுக்கிக்கொண்டு போனான்.

மண்வெட்டி கொஞ்ச நேரம்தான் உதவியது. பிறகு கையால் பறித்தார்கள். மலை இன்னும் சில்லறைக் கற்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. மண்ணைக் கொட்ட ஓடைப் பக்கம் வந்தபோதெல்லாம் மேடம் அக்கரையில் போனில் பேசுவது இத்தெர் காதில் விழுந்தது.

“ஆமா, பங்குதாரர்களுக்குச் சேதமில்லை. ஒருத்தருக்குக்கூட இல்ல. முழு வெற்றின்னே எழுதலாம், அவங்களே தன்னிச்சையா முடிவெடுத்து வெளியேறினாங்க, திட்டத்தோட நோக்கமே அதுதானே?... இல்ல இல்ல, அவர் பங்குதாரர் இல்ல. ஊழியர். ஒப்பந்த ஊழியர். இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது.”

மறுநாள் மதியம் முதலில் பேனர் துணி தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே தோண்டினார்கள். அவன் கை அதை விட்டிருக்கவில்லை. முகம் மாத்திரம் கெடாமல் இருந்தது. பஸ்ஸு பேனரைக் கத்தியால் அறுத்து எடுத்து எறிந்தான். போர்த்துவதற்குத் தூதா உட்கார்ந்திருந்த போர்வையை உருவிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஈர மண்ணில் அப்படியே இருந்தாள்.

துக்க வீட்டுக்கு இத்தெரும் பஸ்ஸுவும் மராகெஷுக்குப் போனார்கள். பழைய நகரத்தின் சந்துக்குள் சந்தாகப் போய்க் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். நிலநடுக்கம் அங்கேயும் கைவைத்திருந்தது. சந்தின் இருபுறச் சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துவிடாமல் நடுவே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜவாத்தின் வீடு மாடியில். படிகள் குறுகலாகச் சுழன்று ஏறின. பஸ்ஸு பக்கவாட்டில்தான் ஏற முடிந்தது.

அவன் அம்மா தாமூ மெத்தையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்கள் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. குர்ஆன் ஓதுகிறவர்கள் ஓதி முடித்துக் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செர்கினி மேடம் அவர்களுக்கு முன்பே வந்து தாமூவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஜவாத் எங்களுக்கு ஊழியர் மட்டுமில்ல, ஒரு விழுமியம்” என்றார் மேடம் அறைக்கெல்லாம் கேட்கும்படி. “அவர் பேரைக் காப்பாத்தணும்னு தலைமையகத்துல முடிவு பண்ணியிருக்கோம். இந்தப் பழைய நகரத்துல வெடிச்சுப்போன வீடுகள்ல இருக்கிறவங்களுக்கு ஒரு கூட்டுத் திட்டம். ஜவாத் பங்கேற்புத் திட்டம். அம்மா, உங்க நிலைமையைப் பாத்தேன். நீங்க தகுதிக்கு மேலயே தகுதி. வர்ற திங்கக்கிழமை எங்க ஆளுங்க வருவாங்க.”

தாமூவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். வாசலில் இத்தெரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவனைப் போன்ற அனுபவசாலிகள் இங்கே வந்து பேச வேண்டும் என்றார். கண்ணில் உண்மையாகவே நீர் நின்றிருந்தது. படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே போய் மறைந்தது.

தாமூ இத்தெரைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “நீதான் என் பிள்ளையைத் தோண்டி எடுத்தியாமே.”

“நாங்க எல்லாரும்தான் அம்மா.”

“உன் அக்கா ரொட்டியைப் பத்தி போன்ல சொல்லிக்கிட்டே இருப்பான்.” மேடம் போன வாசல் பக்கம் பார்த்தாள். “இந்தம்மா என்னமோ சொல்லிட்டுப் போகுது. எனக்கு ஒண்ணும் விளங்கல. நீ இவங்களோட இருந்திருக்கே. இவங்க வந்தா நான் என்ன பண்ணணும்?”

இத்தெர் அறையைச் சுற்றிப் பார்த்தான். மெத்தைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெடிப்பு தரையிலிருந்து கூரைவரை ஏறியிருந்தது. யாரோ அதில் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அவன் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான். எவ்வளவு குறுகல்.

“அம்மா” என்றான். “உங்களைத் தூக்கிட்டுக் கீழ இறங்க வீட்டுல ஆள் யாராவது இருக்காங்களா?”

தாமூ அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருந்தான்” என்றாள்.